நவதாராளவாதத்தால் மூடப்பட்டதா? – கோலார் தங்கவயலும் மானிடவியலின் ஒரு காரணச் சொல்லும்

1. முன்னுரை

கோலார் தங்கவயலின் தென்பகுதியில், மாரிகுப்பம் இருப்புப்பாதை முடியும் இடத்தை ஒட்டி, 'மைசூர் மைன்ஸ்' எனத் தமிழர் வழங்கும் சுரங்கப்பகுதி அமைந்துள்ளது. 1880இல் தோன்றிய மைசூர் தங்கச்சுரங்கக் கம்பெனியின் பெயரே அங்கு இடப்பெயராக நிலைத்துவிட்டது. வட ஆர்க்காடு, சேலம், சித்தூர் முதலிய வட்டாரங்களிலிருந்து சென்று அங்குக் குடியேறிய தொழிலாளர்களுள் பெரும்பாலோர் ஒடுக்கப்பட்ட சாதிகளைச் சேர்ந்த தமிழர். நூற்றிருபது ஆண்டு நடைபெற்ற அச்சுரங்கத் தொழில் 2001 பிப்ரவரி 28ஆம் நாளோடு நின்றது.

இந்நிகழ்ச்சியை விளக்குவோர் இன்று எளிதாக எழுதிவிடக்கூடிய வாக்கியம் ஒன்று உண்டு: 'நவதாராளவாதத்தால் தங்கவயல் மூடப்பட்டது'. இலக்கண அளவில் இவ்வாக்கியத்தில் குறையில்லை. ஆயினும் அதிலுள்ள 'ஆல்' என்னும் உருபு என்ன பொருளில் நிற்கிறது என வினவும்போது விடை தெளிவாக இல்லை. நவதாராளவாதம் மூடிய கருத்தாவா, மூடுவதற்குப் பயன்பட்ட கருவியா, மூடலுக்கு ஏதுவா, அல்லது மூடல் நிகழ்ந்த காலத்தில் உடன் இருந்த ஒன்று மட்டுமா? மானிடவியலில் இக்கருத்தாக்கம் பயன்படுவதும் பிறழ்வதும் இவ்வினாவைச் சார்ந்தே அமைகின்றன என்பதைத் தங்கவயலைச் சான்றாகக் கொண்டு விளக்குவதும், அத்தகைய எழுத்துகளைத் தமிழாக்குவோர் கருதத்தக்கவற்றைச் சுட்டுவதும் இக்கட்டுரையின் நோக்கங்களாகும்.

2. சொல்லும் அதன் தமிழ் வடிவங்களும்

நவதாராளவாதம் என்னும் சொல் முதலில் ஒரு தற்பெயராகவே வழங்கியது. 1938இல் பாரிசில் வால்ட்டர் லிப்மன் பெயரால் கூடிய கருத்தரங்கில், பழைய தாராளவாதத்தைப் புதுப்பிக்க விழைந்த அறிஞர் சிலர் தம் நிலைப்பாட்டைக் குறிக்க அதனைக் கையாண்டனர். 1973ஆம் ஆண்டு இராணுவப் புரட்சிக்குப் பின் சிலி நாட்டில் நடைமுறைப்படுத்தப்பட்ட பொருளாதாரக் கொள்கைகளைக் கண்டித்த இலத்தீன் அமெரிக்க எழுத்தாளரிடம் அது பழிப்புப் பெயராக மாறிற்று. மானிடவியலில் 1990களின் இறுதியிலிருந்து அது பெருவழக்காயிற்று. இன்று தம்மை நவதாராளவாதி எனக் கூறிக்கொள்வோர் அரியர். பிறரால் அவ்வாறு கூறப்படுவோரே மிகுதி. தற்பெயராக இருந்து பிறரிட்ட பெயராக மாறிய சொல்லுக்கு, எல்லை வரையும் பொறுப்புடையோர் ஒருவரும் இல்லாமற் போவது இயல்பு.

தமிழில் இக்களத்தில் பல சொற்கள் வழங்குகின்றன. 1991இல் இந்திய அரசு மேற்கொண்ட கொள்கை மாற்றத்தை இதழ்கள் 'தாராளமயமாக்கல்' என்றன. 'தனியார்மயம்', 'உலகமயமாக்கல்' என்பன அதனோடு இணைந்து வந்தன. இலங்கைத் தமிழில் 1977ஆம் ஆண்டின் கொள்கை மாற்றம் 'திறந்த பொருளாதாரம்' எனவும், உலகமயமாக்கல் 'பூகோளமயமாக்கல்' எனவும் வழங்கின. 'நவதாராளவாதம்', 'புதிய தாராளவாதம்', 'நவீன தாராளவாதம்' என்பன கோட்பாட்டு எழுத்தில் வழங்குவன. இவற்றுள் இறுதியானது, 'நவீனம்' என்பதற்குரிய தனிப்பொருளால் மயக்கம் தருவதாகும்.

இங்கு இரண்டு செய்திகள் நோக்கத்தக்கன. முதலாவது, 'தாராளம்' என்பது தமிழ் வழக்கில் கைந்நிறையக் கொடுத்தலையும் தடையின்மையையும் குறிக்கும் நற்பொருட் சொல். கட்டுப்பாடு நீக்கம் என்னும் கருத்து அதில் அடங்கினும், ஈகைக் குறிப்பும் உடன் ஒட்டிக்கொள்கிறது. இரண்டாவது, 'மயமாக்கல்' என முடியும் சொல் ஒரு செயலைக் குறிப்பது. அதனைச் செய்தவர் யார், எப்போது செய்தார் என வினவ இடந்தருவது. 'வாதம்' என முடியும் சொல் ஒரு கொள்கையைக் குறிப்பது. அதனை ஏற்றவர் யார் என்றே அதனிடம் வினவ முடியும். மூல மொழியில் ஒரே சொல்லாக நிற்பதனைத் தமிழில் பெயர்க்குங்கால் இவ்விரண்டனுள் ஒன்றைத் தெரிந்தெடுக்க நேர்கிறது. மூல ஆசிரியர் தெளிவுபடுத்தாத இடத்தில் மொழிபெயர்ப்பாளர் இடர்ப்படுவது தமிழின் குறையன்று. மூலத்திலுள்ள மயக்கம் அங்கு வெளிப்படுகிறது எனலாம்.

3. மானிடவியலாரின் வழக்குகள்

மானிடவியலிலும் அதனை அடுத்த துறைகளிலும் இக்கருத்தாக்கம் ஒரே பொருளில் வழங்கவில்லை. புவியியலாளர் டேவிட் ஹார்வி 2005இல் வெளியிட்ட சுருக்க வரலாற்று நூலில் அதனை, முதலாளர் வர்க்கம் இழந்த ஆதிக்கத்தை மீட்பதற்கான திட்டமாகக் கண்டார். மிஷெல் ஃபூக்கோவின் 1979ஆம் ஆண்டுச் சொற்பொழிவுகளைப் பின்பற்றியோர், மாந்தர் தம்மையே ஒரு தொழில் நிறுவனம்போல் நடத்திக்கொள்ளத் தூண்டும் ஆளுகை முறையாக அதனைக் கொண்டனர். ஐவா ஓங் தம் 2006ஆம் ஆண்டு நூலில், ஓரிடத்திலிருந்து மற்றோரிடத்துக்குப் பெயர்ந்து செல்லக்கூடிய ஆளுகை நுட்பமாக அதனைக் காட்டினார். ஜேம்ஸ் பெர்குசன் ஏறத்தாழ 2010இல் எழுதிய கட்டுரையில் இப்பொருள்களை வேறுபடுத்திக் காட்டி, அச்சொல் சில இடங்களில் முதலாளியத்தின் மறுபெயராகவே தேய்ந்துவிட்டதைச் சுட்டினார். நவதாராளவாத நுட்பங்கள் எனப்படுவன ஏழைகளுக்கு நேரடியாகப் பணம் வழங்குவது போன்ற நோக்கங்களுக்கும் பயன்படக்கூடும் என்பது அவர் கருத்து.

2012இல் மான்செஸ்டரில் மானிடவியலார் இது குறித்து முறையான சொற்போர் ஒன்றே நடத்தினர். இருபத்தோராம் நூற்றாண்டை மானிடவியல் வழியே புரிந்துகொள்வதற்கு நவதாராளவாதம் என்னும் கருத்தாக்கம் தடையாகிவிட்டது என்பது அங்கு எடுத்துக்கொண்ட பொருள். ஜேம்ஸ் லெய்ட்லாவும் ஜானதன் மெயரும் அதனை முன்மொழிந்தனர்; தாமஸ் ஹில்லன்ட் எரிக்சனும் கெய்ர் மார்ட்டினும் மறுத்தனர். சௌமியா வெங்கடேசன் பதிப்பித்த அவ்வுரைகள் 2015இல் அச்சேறின.

இக்கருத்து வேறுபாடுகளைத் தமிழ் இலக்கண மரபு கொண்டு வகைப்படுத்தல் இயலும். மூன்றாம் வேற்றுமைக்குக் கருவி, கருத்தா, உடனிகழ்ச்சி என்னும் பொருள்களை நன்னூல் கூறுகிறது. கருத்தாவை உரைமரபு ஏவுதற் கருத்தா, இயற்றுதற் கருத்தா என இரண்டாகப் பகுக்கிறது. கோயிலைக் கட்டுவித்த அரசன் முன்னவன், கட்டிய தச்சன் பின்னவன். ஏதுப்பொருளை நன்னூல் ஐந்தாம் வேற்றுமைக்கு உரியதாக்கினும், இக்கால உரைநடையில் 'ஆல்' உருபே அதனையும் ஏற்று நிற்கிறது. ஹார்வியின் வழக்கு கருத்தாப் பொருளை ஒட்டியது; ஓங்கின் வழக்கு கருவிப் பொருளை ஒட்டியது. பிறழ்ச்சி நேர்வது பெரும்பாலும் உடனிகழ்ச்சியை ஏதுவாகவும், ஏதுவைக் கருத்தாவாகவும் ஏற்றிச் சொல்லும் இடங்களிலேயே ஆகும்.

4. தங்கவயற் சான்றுகள்

4.1 ஏது

தங்கவயலின் நலிவு 1991இல் தொடங்கியதன்று. பொன் தாங்கிய பாறை ஆழம் செல்லச் செல்ல எடுப்புச் செலவு ஏறியது; சாம்பியன் ரீஃப் சுரங்கம் மூன்று கிலோமீட்டருக்கும் கீழே சென்றது. வெப்பம், பாறை வெடிப்பு, காற்றோட்டம், நீரிறைப்பு ஆகியவற்றுக்கான செலவு ஆழத்தோடு பெருகியது. ஒரு டன் பாறையிலிருந்து கிடைத்த பொன்னோ தொடக்ககால அளவின் சிறு பங்காகக் குறைந்தது. இதற்கிடையே 1934 முதல் 1971 வரை உலக அளவில் பொன்னின் அலுவல்முறை விலை ஓர் அவுன்சுக்கு 35 டாலராக நிலைநிறுத்தப்பட்டிருந்தது. செலவு உயரவும் விலை உயராமையும் சேர்ந்த இந்நெருக்கடி, சந்தையைக் கட்டவிழ்த்துவிட்டதால் தோன்றியதன்று. சந்தை கட்டப்பட்டிருந்ததால் தோன்றியது.

சுரங்கங்கள் 1956இல் மைசூர் மாநில அரசுடைமையாயின. 1962இல் நடுவண் அரசின்கீழ் வந்தன. 1972இல் பாரத் கோல்டு மைன்ஸ் நிறுவனம் உருவாயிற்று. இதே காலப்பகுதியில் பொற்கட்டுப்பாட்டு விதிகள் 1963இலும் அதற்கான சட்டம் 1968இலும் வந்தன. ஆகவே, மூடலின் நீண்டகால ஏதுக்களுள் பெரும்பகுதி, நவதாராளவாதத்துக்கு நேர்மாறான கொள்கைகள் கோலோச்சிய காலத்தைச் சார்ந்தவை.

இது தங்கவயலுக்கு மட்டும் உரியதன்று. சாம்பியாவின் செம்புச் சுரங்க நகரங்களைப் பற்றி பெர்குசன் 1999இல் வெளியிட்ட நூல் காட்டும் சரிவும், 1970களின் நடுப்பகுதியில் செம்பின் விலை வீழ்ந்ததோடு தொடர்புடையது. பன்னாட்டு நிதியத்தின் நிபந்தனைகள் அதன் பின்னர் வந்து அச்சரிவைக் கடுமையாக்கின. பின்வந்ததனை முதற்காரணமாக்கினால் காலமுறை பிறழும்.

4.2 கருவி

எனினும் நவதாராளவாதத்துக்கும் தங்கவயலுக்கும் தொடர்பே இல்லை எனல் பொருந்தாது. அத்தொடர்பு கருவிப் பொருளில் தெளிவாகக் காணப்படுகிறது. நலிவுற்ற தொழில் நிறுவனங்களுக்கான சட்டம் 1985இல் இயற்றப்பட்டபோது அது பொதுத்துறையைத் தழுவவில்லை. 1991ஆம் ஆண்டுத் திருத்தத்தின் வழியாகவே பொதுத்துறை நிறுவனங்களும் அதன் வரம்புக்குள் வந்தன. அதன்படி 1992இல் பாரத் கோல்டு மைன்ஸ் தொழில் மற்றும் நிதிச் சீரமைப்பு வாரியத்தின் முன் சென்றது. நிறுவனத்தைக் கலைக்கலாம் என வாரியம் 2000இல் கருத்துரைத்தது. தொழிற்தகராறுச் சட்டத்தின்படி மூடலுக்கான இசைவு 2001 ஜனவரியில் கிடைத்தது.

மற்றொரு கருவி பொன் வணிகக் கொள்கை. பொற்கட்டுப்பாட்டுச் சட்டம் 1990இல் நீக்கப்பட்டது. 1992இல் வெளிநாடுவாழ் இந்தியர் ஐந்து கிலோ வரை பொன் கொண்டுவர வழி செய்யப்பட்டது. 1997இல் வங்கிகள் இறக்குமதி செய்ய இசைவு பெற்றன. உள்நாட்டு விலைக்கும் உலக விலைக்கும் இடையிலிருந்த இடைவெளி சுருங்கியது. உலக விலையோ 1999இல் 250 டாலரை ஒட்டி வீழ்ந்தது. 2001இலும் தாழ்ந்தே இருந்தது. சுரங்கம் மூடப்பட்ட பின்னரே அது தொடர்ந்து ஏறலாயிற்று. இவை பெயரும் நாளும் கொண்ட நடவடிக்கைகள். இவற்றை 'தாராளமயமாக்கல் நடவடிக்கைகள்' என்று கூறுவதில் மயக்கம் இல்லை. இங்கு அக்கருத்தாக்கம் விளக்கும் பணியைச் செம்மையாகச் செய்கிறது.

மூடலுக்குப் பின் வந்த உலகளாவிய ஒப்பந்தப்புள்ளி முயற்சியும் இவ்வகையினதே. தொழிலாளர் கூட்டுறவு முறையில் சுரங்கத்தை ஏற்று நடத்த முன்வந்தனர். வழக்குகள் பல ஆண்டு நீண்டன. இறுதியில் 2013இல் உச்ச நீதிமன்றம் ஒப்பந்தப்புள்ளி கோருவதற்கு இசைவளித்தது. கூட்டுறவு என்னும் வழியும் ஏலம் என்னும் வழியும் எதிரெதிர் நின்ற இவ்விடத்தில், எந்தச் சிந்தனை எந்தத் தீர்வை இயல்பானதாகத் தோன்றச் செய்தது என வினவுவது மானிடவியலாரின் உரிய பணியாகும்.

4.3 கருத்தா

மூடும் அதிகாரம் உடைமையாளரான நடுவண் அரசிடம் இருந்தது. அரசு ஏவுதற் கருத்தா. வாரியமும் நிருவாகமும் இயற்றுதற் கருத்தாக்கள். 'நவதாராளவாதம் சுரங்கத்தை மூடியது' என்னும் வாக்கியத்தில் இவ்விரு கருத்தாக்களும் மறைகின்றன. கொள்கைப்பெயர் ஒன்று எழுவாயாகிச் செயப்படுபொருள் குன்றாவினையைக் கொண்டு முடிகிறது. செயப்படுபொருளை வினைமுதல்போலக் கூறும் வழக்கைத் தொல்காப்பியம் ஏற்றுள்ளது. திண்ணை தானே மெழுகிக்கொண்டது போலக் கூறுதல் அவ்வகை. எனினும் அவ்வழக்கில் மெழுகியவர் ஒருவர் உண்டு என்பதைக் கேட்போர் அறிவர். கொள்கைப்பெயர் எழுவாயாகும்போது அவ்வறிவு தேய்ந்து, அச்சொல்லே செய்தது என்னும் எண்ணம் நிலைபெறுகிறது.

அரசுத் தரப்பில் வழங்கும் விளக்கமும் இதே இயல்பினது என்பது குறிப்பிடத்தக்கது. 'கனிமம் தரம் குறைந்தது, நட்டம் மிகுந்தது, சுரங்கம் மூடப்பட்டது' என்னும் கூற்றில் முதலிரு வினைகள் தாமே நிகழ்ந்தனவாகவும், மூன்றாவது கருத்தா இல்லாச் செயப்பாட்டுவினையாகவும் நிற்கின்றன. ஒரு கூற்று இயற்கையை எழுவாயாக்குகிறது. மற்றது கோட்பாட்டை எழுவாயாக்குகிறது. இரண்டிலும் முடிவெடுத்தவர் இல்லை. பேச்சுத் தமிழோ இவ்விடத்தில் 'மூடிட்டாங்க' என்று கூறும். அவ்வடிவம் செய்தவர் பெயரைச் சொல்லாவிடினும், உயர்திணைப் பலர்பால் ஈற்றால் செய்தவர் மாந்தரே என்பதை இழக்காது காக்கிறது. ஆய்வுரைநடை கைவிட்ட ஒன்றை வழக்குமொழி பேணுவது இங்குக் காணத்தக்கது.

இவ்வேறுபாடு வெறும் சொல்லாராய்ச்சி அன்று. நிலுவைத் தொகை, குடியிருப்பு உரிமை, மாற்று வேலை ஆகியவற்றைக் கோருவோர் ஒரு கோட்பாட்டின்மேல் வழக்குத் தொடர இயலாது. முடிவெடுத்த அமைச்சகம், கையொப்பமிட்ட அலுவலர், நாளிட்ட ஆணை ஆகியவற்றின் மேலேயே கோரிக்கை நிற்கும். கருத்தாவை மறைக்கும் விளக்கம், தொழிலாளர்பால் பரிவுடன் எழுதப்பட்டதாயினும், அவர்தம் கோரிக்கைக்குத் துணைசெய்வதில்லை.

4.4 உடனிகழ்ச்சி

மூடலுக்குப் பின் தங்கவயல் மக்கள் பல்லாயிரவர் நாள்தோறும் தொடர்வண்டியில் பெங்களூர் சென்று வேலை பார்த்துத் திரும்பலாயினர். ஒப்பந்தக் கூலி, காலவரையறையற்ற உழைப்பு, கடுங்கண்காணிப்பு ஆகியவற்றை நவதாராளவாதத்தின் அடையாளங்களாகக் கொள்ளும் எழுத்துகள் மிகுதி. ஆயின் அவை தங்கவயலுக்குப் புதியன அல்ல. கம்பெனிக் காலத்திலேயே தொழிலாளர் பெரும் எண்ணிக்கையில் ஒப்பந்தக்காரர் வழியே வேலைக்கு எடுக்கப்பட்டனர். கைரேகைப் பதிவு முறையை எதிர்த்து 1930இல் தங்கவயலில் பெரும் வேலைநிறுத்தம் நிகழ்ந்தது. ஜானகி நாயர் 1998இல் வெளியிட்ட மைசூர்த் தொழிலாளர் வரலாற்று நூல் இக்காலத்தை விரிவாக ஆராய்கிறது. தொழிலாளரின் உடலை அடையாளப்படுத்திக் கண்காணிக்கும் முறை, மன்னராட்சியும் இலண்டன் மூலதனமும் கைகோத்திருந்த காலத்தது. 1950கள் முதல் 1990கள் வரை பலர்க்குக் கிடைத்த நிலையான வேலையே இவ்வரலாற்றின் இடைப்பட்ட புறனடை. அப்புறனடையைத் தொன்றுதொட்ட இயல்புநிலையாகக் கொள்வதாலேயே, பின்வந்தன யாவும் புதியனவாகத் தோன்றுகின்றன.

சாதியும் இவ்வாறே கருதத்தக்கது. நிலத்தடியில் உயிரிடர் மிகுந்த பணியை எச்சாதியார் செய்தனர் என்பது சந்தைக் கொள்கையால் அமைந்ததன்று. அதனை எதிர்த்த அறிவியக்கமும் அங்கேயே தழைத்தது: அயோத்திதாசரின் சாக்கிய பௌத்த சங்கத்துக்கு மாரிகுப்பத்திலும் சாம்பியன் ரீஃபிலும் கிளைகள் இருந்தன. அவர் தோற்றுவித்த 'தமிழன்' இதழ் 1926இல் சாம்பியன் ரீஃபிலிருந்து ஜி. அப்பாதுரையாரால் மீண்டும் வெளியிடப்பட்டது. வேலையிழப்பின் துயரைச் சந்தை என்னும் ஒரே சொல்லால் விளக்கும் ஆய்வு, அத்துயர் யார்மேல் விழுந்தது, அவர்கள் எம்மொழியில் அதனை எண்ணினர் என்பவற்றை விட்டுவிடும்.

5. தொகையை விரித்தல்

மொழிபெயர்ப்பாளருக்கு மிகுந்த இடர் தருவது இச்சொல்லின் பெயரடை வடிவம். மூலமொழியில் அதனை நகரம், உடல், பல்கலைக்கழகம், காதல் என எப்பெயரோடும் சேர்த்துவிடலாம். 'நவதாராளவாத நகரம்' எனத் தமிழிலும் தொகையாக்கிவிடுதல் எளிது. ஆயின் தொகைச்சொல்லை விரித்துப் பொருள் காண்பது உரையாசிரியர் நெறி. அவ்வாறு விரிப்பின், நவதாராளவாதக் கொள்கையால் உருவான நகரம், அக்கொள்கை நிலவிய காலத்து நகரம், அக்கொள்கையை ஏற்றோர் ஆளும் நகரம், அக்கொள்கைக்கு எடுத்துக்காட்டான நகரம் என நான்கேனும் தோன்றும். மூலத்தின் சூழல் இவற்றுள் ஒன்றை உறுதிப்படுத்துமாயின் அதனை விரித்தே எழுதுதல் நன்று. உறுதிப்படுத்தாதாயின் தொகையாகவே விடுதல் நேர்மை. மூலத்தில் இல்லாத தெளிவை மொழிபெயர்ப்பு புனைந்து தரலாகாது.

இதனையொட்டி மூன்று நெறிகளைக் கூறலாம். ஒன்று, நாளும் பெயரும் உடைய அரசு நடவடிக்கைகளைக் குறிக்குமிடத்துத் 'தாராளமயமாக்கல்' என்பதும், கொள்கைத் தொகுதியைக் குறிக்குமிடத்து 'நவதாராளவாதம்' என்பதும் பொருந்தும். இரண்டு, முதலாளியம் என்று மட்டுமே பொருள்படுமிடத்தும் மூலச்சொல்லைப் பேணி, பொருளை அடிக்குறிப்பில் சுட்டலாம். சொல்லையே மாற்றிவிடின் ஆசிரியரின் வழக்கு வாசகர்க்குப் புலப்படாது. மூன்று, 'ஆல்' உருபு வருமிடந்தோறும் அது ஏதுவா, கருவியா, கருத்தாவா என ஆராய்ந்து, ஏதுவாயின் 'காரணமாக' எனவும், கருவியாயின் 'வாயிலாக' எனவும், உடனிகழ்ச்சியாயின் 'காலத்தில்' அல்லது 'உடன்' எனவும் எழுதலாம். 'ஆல்' உருபைக் கருத்தாவுக்கே ஒதுக்கிக்கொள்வது கோட்பாட்டு உரைநடைக்குத் தெளிவு தரும்.

6. கருத்தாக்கத்தின் பயன்

இத்துணை இடர் தரும் சொல்லைக் கைவிடலாமே எனலாம். அதற்கு எதிராகவும் வலுவான காரணம் உண்டு. தங்கவயல் வழக்கு தனித்த ஒன்றாக நோக்கப்படின், அது ஆழமும் தரமும் பற்றிய பொறியியல் செய்தியாகவே முடியும். பொதுத்துறை நிறுவனங்களை நட்டக்கணக்கால் மட்டும் அளக்கும் முறை ஏறத்தாழ ஒரே காலத்தில் சாம்பியாவிலும் இந்தியாவிலும் பிற நாடுகளிலும் இயல்பானதாகியது. தற்செயல் எனத் தள்ளிவிட இயலாத அவ்வொப்புமையைக் குறிக்க ஒரு பொதுச்சொல் வேண்டும். நகரத்தின் நீர், மருத்துவமனை, பள்ளி, குடியிருப்பு ஆகிய அனைத்தையும் தாங்கிய ஒரு நிறுவனத்தை வெறும் பொன் விற்கும் நிறுவனமாகக் கணக்கிட்டது எவ்வகைச் சிந்தனை என்பதை அச்சொல்லே வினவ வைக்கிறது. வினாவை எழுப்பும்வரை அது கருத்தாக்கம். விடையாகத் தானே நின்றுவிடின் அது வெற்றுச்சொல்.

7. முடிவுரை

தங்கவயல் மூடலுக்கு ஆழமும் தரக்குறைவும் நிலைநிறுத்தப்பட்ட விலையும் ஏதுக்கள். 1991க்குப் பிந்திய சட்டத் திருத்தமும் பொன் வணிகக் கொள்கையும் கருவிகள். நடுவண் அரசும் அதன் அமைப்புகளும் கருத்தாக்கள். ஒப்பந்த உழைப்பும் சாதிநிலையும் இவற்றுக்கு முன்பே இருந்து உடன் தொடர்ந்தவை. நவதாராளவாதம் என்னும் சொல் இவற்றுள் இரண்டாவதனைத் துல்லியமாக விளக்குகிறது. ஏனையவற்றின் மேல் ஏற்றப்படும்போது அவற்றை மறைக்கிறது. 2024 ஜூனில் தங்கவயலின் 13 கழிவுமேடுகளிலிருந்து மீண்டும் பொன் பிரித்தெடுக்கும் திட்டத்துக்குக் கர்நாடக அமைச்சரவை ஒப்புதல் அளித்தது. அம்மேடுகளின் வரலாறு எழுதப்படும்போதும் இதே சொல் வந்து நிற்கும். அப்போது அதன் வேற்றுமைப் பொருளை வினவும் பொறுப்பு, மானிடவியலாரைப் போன்றே, அவர்தம் எழுத்தைத் தமிழுக்குக் கொணர்வோரையும் சாரும்.